முதிர்வு நாள்

காட்பாடி ஜங்ஷன் தாண்டி, சித்தூர் சாலையில்
மூன்றாவது மாடி. கீழே டயர் கடை,
நடுவில் பல் ஆஸ்பத்திரி, மேலே நாங்கள்:
நாற்பது பேர், ஒரு தண்ணீர் கேன்,
அமெரிக்கக் கட்டடங்களின் கடன்களை
மாதாமாதம் பார்த்துக்கொள்கிறவர்கள்.
கொடுத்தவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை.
இதை வீட்டில் விளங்க வைக்க
எனக்கு இரண்டு பொங்கல் ஆனது.

சேர்ந்த அன்று என் மேசைக்கு வந்தது
ஒஹையோவில் ஒரு வணிக வளாகம். பத்து வருடக் கடன்.
"நீங்க ரெண்டு பேரும் ஒரே பேட்ச்" என்றார் கோதண்டம் சார்.
ஹெலன் என்றால் அங்கேயும் ஹெலன்தான்,
பெயர் மாற்றச் சொல்லவில்லை.
நயீமுல்லா மட்டும் போனில் மூன்று வருடம் நீல் ஆக இருந்தான்.

முதலில் வாடகைப் பட்டியல்.
பதினெட்டுக் கடைகள். சலூன், பீட்சா, வரி ஆலோசகர்,
மூலையில் பெரிய செருப்புக் கடை.
சதுர அடி, குத்தகை முடியும் தேதி, பாக்கி.
விரல் வலிக்க அடித்து அடித்து,
போகாத ஊரில் எந்தக் கடை எப்போது மூச்சு வாங்கும்
என்று தெரிந்துகொண்டேன்.

பழக்கம் விடவில்லை. சி.எம்.சி. எதிரே
வங்காளத்தில் பலகை வைத்த லாட்ஜ்களைக் கடக்கும்போது
மாடியில் காயும் துண்டுகளை எண்ணி
எத்தனை அறை நிரம்பியிருக்கும் என்று கணக்குப் போடுகிறேன்.
ஒழுகிக் கறுத்த சுவரைக் கண்டால்
கூரைக்குத் தனியே பணம் ஒதுக்கியிருப்பார்களா என்று.

பாலாறு கரை தொட்ட அந்த நவம்பரில்
தாராபடவேட்டில், முழங்கால் தண்ணீரில்,
லேப்டாப்பைப் பீரோ மேல் வைத்து
ஒஹையோவின் வெள்ளக் காப்பீட்டுத் தவணையை
நான்தான் அனுப்பினேன். ஒரு நாள் தாமதமில்லை.
எங்கள் வீட்டுக்குக் காப்பீடு இல்லை.

செருப்புக் கடை காலி செய்யும் நோட்டீசும்
முதலில் எனக்குத்தான் வந்தது.
ராணிப்பேட்டையில் ஷூவுக்கு அப்பர் தைக்கும் அக்காவுக்கு
மூன்று மாதம் கழித்து ஓவர்டைம் நின்றது.
இரண்டுக்கும் சம்பந்தம் உண்டோ இல்லையோ,
கேட்கவில்லை.
கேட்டால் நான்தான் பதில் சொல்ல வேண்டும்
என்பதுபோல் ஒரு கூச்சம்.

பிறகு கோடிங் கற்றேன்,
பகல் தூக்கத்தைக் கிள்ளிக் கிள்ளி.
வாடகைப் பட்டியலைத் தானே படிக்கிற ஒன்றை எழுதினேன்.
முதல் நாள் சலூனைச் சாராயக்கடை என்றது.
மூன்றாம் மாதம் என்னைத் திருத்தியது.
நாலு பேர் ஒரு வாரம் அடிப்பது, பதினோரு நிமிடத்தில்.
என் பதவி உயர்வுக் கடிதமும் பிரதீபாவின் கடைசி நாளும்
ஒரே வெள்ளிக்கிழமை.
கேக் ஒன்றுதான் வாங்கியிருந்தார்கள்.

தோட்டப்பாளையத்தில் மருந்துக் கடையில்
இப்போது பில் போடுகிறாள், வங்காளம் சரளமாக.
"உன் மெஷின் நல்லாருக்கா?" என்றாள் போன மாதம்,
பிள்ளையை விசாரிப்பதுபோல.
மீதிச் சில்லறைக்கு ஒரு இருமல் மிட்டாய் தந்தாள்.

நேற்று இரவு ஒன்று இருபதுக்கு
மொத்தப் பணமும் வந்து விழுந்தது,
முதிர்வு நாளுக்கு இரண்டு நாள் முன்பே.
பாக்கி பூஜ்யம்.
கோதண்டம் சார் ஓய்வு பெற்று ஆரணிக்குப் போய்விட்டார்,
சொல்ல ஆளில்லை.
இணையத்தின் தெருப் படத்தில் ஒருமுறை பார்த்தேன்.
படம் பழசு. செருப்புக் கடைப் பலகை அப்படியே இருந்தது,
வாசலில் ஒரு சிவப்புக் கார், கதவு திறந்தபடி.

இன்று அரிசோனாவில் ஒரு கிடங்கு ஏறியது.
மெஷின் படித்துவிடும்.
இருந்தாலும் முதல் வாடகைக்காரர் பெயரை
நானே அடித்துப் பார்த்தேன், ஒற்றை விரலால்,
எழுத்து எழுத்தாக.
அழித்துவிட்டுப் பட்டனை அழுத்தினேன்.