மூன்றாவது சிடி

நாற்பத்து மூன்று ரிங்கிட் கட்டி
இன்றிரவு ஒன்பதரைக்கு
நேர்மையான மனுஷியாகிவிட்டேன்.
இம்பி பிளாசா மாடியில், சீன நாளிதழில் சுற்றி
பதினைந்து ரிங்கிட்டுக்கு வாங்கிய
கள்ளப்பிரதியின் பாவம் தீர்ந்தது.

கிள்ளானிலிருந்து நவிந்திரன் கேட்கிறான்,
தொலைபேசியை வைக்காமல்:
"இன்னும் நல்லாத்தான் இருக்காக்கா,
இல்ல கெழடு தட்டிப்போச்சா?"

பகலெல்லாம் காப்புறுதி அலுவலகத்தில்
மோதிய கார்களுக்குத் தேய்மானம் எழுதுகிறவள் நான்.
ஆண்டுக்குப் பத்து விழுக்காடு கழித்தால்
இந்த ஆட்டத்தில் மிஞ்சுவது
ஒரு கதவுப்பிடி.

முகங்களைச் சொல்கிறேன்.
ஊர்க்காவலனுக்கு மடித்த அட்டையில் மூக்கு.
விரல்கள் பிரியவே இல்லை, துடுப்பு மாதிரி கை.
மளிகைக்காரிக்கும் மகாராணிக்கும்
ஒரே குரல், அதே சளி.
வாளை வீசினால் எலியின் முதுகில் படுகிறது,
கண்ணால் பார்க்கிறேன், படுகிறது.
படவில்லை என்கிறது ஆட்டம்.
எங்கோ உள்ளே யாரோ தாயம் உருட்ட
எனக்கு விழவில்லை.
ஓடினால் மூச்சு வாங்குகிறது,
நடந்தால் விடிந்துவிடும் போலிருக்கிறது.
எட்டரைக்கு அலுவலகம்.

ஆனால் வழி சொல்கிறார்களே, அது!
அம்புக்குறி இல்லை, மினுங்கும் புள்ளி இல்லை.
"பாலம் தாண்டி, பட்ட மரத்தில் இடப்பக்கம்.
மூன்று பாறை தெரியும்.
தெரியாவிட்டால் தாண்டிவிட்டாய்."
செந்தூலில் என் வீட்டுக்கு
கிராப் ஓட்டுநரிடம் நானும் இப்படித்தான்:
கோயில் முன்னாடி வளைஞ்சிடாதீங்க,
டயர் கடை வரும்,
காவலர் இருந்தா நேரா,
இல்லன்னா சுத்தி வாங்க.

இரண்டாயிரத்து ஐந்து ஆகஸ்டு, நினைவிருக்கிறதா நவின்?
சுமத்ராவில் எரிந்தது, இங்கே இருமினோம்.
பள்ளியை மூடினார்கள்.
இரட்டைக் கோபுரம் நின்ற இடத்தில்
அழிப்பான் தேய்த்த தாள்.
திரையிலும் அதே சாம்பல்,
இருபது எட்டுக்கு அப்பால் ஒன்றுமே இல்லை.
அந்தக் கணினிக்கு அவ்வளவுதான் வரைய வந்தது.
அது தெரியாமல்
உலகம் பெரிது என்று நினைத்தோம்.

இப்போது எந்தப் புண்ணியவானோ
மூடுபனியை நீக்க ஒரு கோப்பு செய்திருக்கிறான்.
போட்டுப் பார்த்தேன்.
கப்பல் இறக்கிவிடும் முதல் துறையிலிருந்தே
கடைசி அரக்கனின் கோட்டை தெரிகிறது.
கொடிக்கம்பம்கூடத் தெரிகிறது.
பத்து மாதம் தேடிப் போனது
செந்தூலிலிருந்து சௌகிட் தூரம்.
"அடச்சீ, இவ்வளவு பக்கமா லா.
அத எடுத்துடு."
எடுத்துவிட்டேன்.
மலை மறைந்தது.
எங்கள் இருவருக்கும் மூச்சு வந்தது.

மேற்கே ஒரு குகை.
மூன்றாவது சிடியில் கீறல்;
கதவைத் தொட்டதும் படம் உறைந்துவிடும்,
விசிறி மட்டும் சுற்றும்.
பற்பசை தேய்த்தோம்,
வாழைப்பழத் தோல் தேய்த்தோம்,
அப்பாவின் வேட்டியால் துடைத்து அடி வாங்கினோம்.
கடைசியில் நவின் ஒரு முடிவுக்கு வந்தான்:
உள்ளே ஒரு பாம்பு,
அதன் வயிற்றில் ஒரு நகரம்,
நகரத்து அரசிக்கு ஏழு கணவர்கள்,
ஏழாவது ஆள் உப்பு விற்கிறவன்.
கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தெருத் தெருவாக வரைந்தான்.
ஆசிரியர் கையெழுத்துக் கேட்டார், அப்பாவுடையது.

இன்றைக்குக் கதவு திறந்தது.

இரண்டு பீப்பாய்.
அணைந்த அடுப்பு, பாதி ரொட்டி.
ஒரு படுக்கை,
ஆள் இப்போதுதான் எழுந்துபோன மாதிரி
போர்வை விலகி.

அந்தப் பக்கம் பேச்சில்லை.
கிள்ளானில் ஒரு மோட்டார் சைக்கிள் போகிறது,
போய் முடிகிறது.

"பாம்பு?"
"இல்லடா."
"பீப்பாய்க்குப் பின்னாடி பாத்தியா?"

மணி இரண்டு ஐந்து.
பீப்பாய்க்குப் பின்னால் போகிறேன்.
இருட்டிலிருந்து எலி வருகிறது.
வீசுகிறேன்,
படுகிறது,
படவில்லை என்கிறது.
"என்னக்கா, என்ன?"
இரு, இரு என்கிறேன்,
மறுபடி வாளை ஓங்கி.