மாலை ஆறு மணி அலைவரிசை

ஹென்னிங் வந்த அன்று கொலோனியாவில்
மூன்றாவது நாளாக மழை.
தொப்பியை வாசலில் உதறிவிட்டு
என் மேசைமேல் ஒரு வரைபடத்தை விரித்தார்.
பசிபிக் முழுக்க நீலம்.
ஈ எச்சமிட்டதுபோல் ஒரு புள்ளி.
அதைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம்.

"இங்கே போகவேண்டும்."

நான் பிறந்த தீவு
அவர் சுண்டுவிரல் நகத்தடியில் அடங்கியிருந்தது.

கப்பல் எப்போது என்று கேட்டார்.
எஞ்சின் சரியானால் வியாழன், என்றேன்.
எந்த வியாழன் என்று திருப்பிக் கேட்காத
முதல் வெளியூர்க்காரர் அவர்.
அதற்காகவே ஒரு பாக்கைப் பிளந்து
சுண்ணாம்பு தூவி
வெற்றிலையில் சுருட்டி நீட்டினேன்.
வாய் வெந்தது. துப்பாமல் சமாளித்தார்.

டென்மார்க்கில் சைக்கிள் பழுது பார்ப்பவராம்.
பட்டியல் வைத்திருந்தார், நான்கு பக்கம்.
ட்ரோன் என்றிருந்ததை அடித்தேன்.
"வானத்துக்குமா சொந்தக்காரர்கள்?"
இல்லை,
வானத்துக்குக் கீழே குளிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.
கூடாரத்தையும் அடித்தேன்.
ஆளில்லாத மணல் என்று அங்கே ஒரு பிடிகூடக் கிடையாது;
தானாக விழுந்த தேங்காய்க்கும் ஒரு வீடு உண்டு.
பின்பக்கத்தில் நான் எழுதினேன்:
அரிசி இரண்டு மூட்டை,
தூண்டில் முள், காப்பித்தூள்,
நெசவு நூல், கறுப்பும் சிவப்பும்.
"எனக்கு நெய்யத் தெரியாதே."
உங்களுக்கு யார் வாங்கச் சொன்னது?

உட்கார்ந்திருப்பவர்களைக் கடக்கும்போது
குனிந்து போகவேண்டும் என்றேன்.
ஆறடி இரண்டு அங்குலம்.
என் அலுவலகத்துக்குள்ளேயே பழகினார்.
மின்விசிறிக்கும் அது நல்லது.

ஆறு மணிக்கு வானொலியைத் திறந்தேன்.
இரைச்சலுக்குள்ளிருந்து யாங்ரெமாலின் குரல்:
"எதற்கு வருகிறாராம்?"

ஹென்னிங் சட்டைப்பையிலிருந்து
எழுதி வைத்திருந்த பதிலை எடுத்தார்.
பார்த்தார். மடித்தார்.
"தெரியவில்லை என்று சொல்லுங்கள்."

சொன்னேன்.
நெடுநேரம் கடலே பேசிக்கொண்டிருந்தது.
பிறகு ஒரு சிரிப்பு.
"அது பரவாயில்லை.
தெரிந்துகொண்டு வருகிறவர்களோடுதான் பாடு.
தலைவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன்."

பதினொரு நாள்.
பக்கத்துக் கடையின் மூன்று சைக்கிள்கள்
காசில்லாமல் ஓடத் தொடங்கின.
எங்கள் மொழியில் 'காத்திருக்கிறேன்' என்பதைத்
தப்புத்தப்பாகச் சொல்லப் பழகியிருந்தார்.

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது.
"லெதாய் போய்விட்டாள்.
பவளத்திட்டை மூடியாயிற்று.
நான்கு மாதம் வலை இறங்காது.
புதுமுகம் இப்போது வேண்டாம்."

லெதாய் என் அப்பாவின் தங்கை.
ஒன்பது தீவுகள் கேட்கும் அலைவரிசையில்
அந்தச் செய்தியை நான் வாங்கி,
'கேட்டது, முடிவு' என்று சொல்லி,
பொத்தானிலிருந்து விரலை எடுக்க மறந்தேன்.
மொழிபெயர்க்கவில்லை.
அவர் என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எஞ்சின் சரியான வியாழன்
அந்த வாரமே வந்து தொலைத்தது.
அரிசியைத் தோளில் சுமந்து ஏற்றினார்.
நூல் பையைப் படுக்கைக்கடியில் வைத்தார்.
இறங்கி வந்தார்.
ஓர் இடம் காலியாக இருக்கிறது
என்று சொன்னது அவரா, நானா,
இப்போது நினைவில்லை.
சங்கு ஊதியபோது
மேல்தளத்தில் நான் நின்றிருந்தேன்,
செருப்புகூட மாற்றாமல்.
கரையில் அவர் மட்டும் குனிந்திருந்தார்,
உட்கார்ந்திருக்கும் யாரையோ கடப்பதுபோல.

மூன்று இரவுக் கடல். அதை எழுத வரவில்லை.

இங்கே ஈரப்பலா காய்த்திருக்கிறது.
கடலுக்குப் போகாத வள்ளங்கள்
கொட்டகைக்குள் வயிறு உலர்ந்து கிடக்கின்றன.
பெண்கள் நூலைப் பிரித்தார்கள்,
சிவப்பை மடித்து மேலே செருகிவிட்டுக்
கறுப்பைத் தறியில் ஏற்றினார்கள்.
யார் அனுப்பியது என்று ஒருத்தி கேட்டாள்.
வரத் தெரிந்த ஒருவர், என்றேன்.

இன்று ஆறு மணிக்கு
யாங்ரெமாலின் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கினேன்.
இரைச்சல்.
மறுமுனையில், என் நாற்காலி கிறீச்சிடும் சத்தம்.

ஹென்னிங்,
கறுப்பு நூல் போதவில்லை.
இன்னும் பன்னிரண்டு கண்டு வாங்கி வையுங்கள்.
திட்டைத் திறந்ததும் சொல்லியனுப்புவார்கள்.

எந்த வியாழன் என்று கேட்காதீர்கள்.