பெண்கள் கவுண்டர்

குளச்சலில் நாங்கள் வாங்கிய வீட்டில்
லியோன் டாக்டரின் மக்கள்
எதையும் விட்டுப் போகவில்லை.
பல்பைக்கூடக் கழற்றியிருந்தார்கள்.
கூடத்துச் சுவரில் மட்டும்
ஓர் அலமாரி நின்ற இடம்
இன்னும் நின்றுகொண்டிருந்தது.
சுற்றிலும் மஞ்சளேறிய சுண்ணாம்பு,
நடுவில் வெளுத்து வந்த வேட்டி மாதிரி வெள்ளை,
தரையில் நான்கு கால் தடம்.

சணல் நூலில்
அகலத்துக்கு ஒரு முடிச்சு,
உயரத்துக்கு ஒரு முடிச்சு.
கைப்பையில் பிரஷர் மாத்திரையோடு
எட்டு மாதம் என்னுடன் அலைந்தது அது.
கோட்டாறு, வடசேரி, திங்கள்சந்தை, கருங்கல்,
மார்த்தாண்டம் பாலத்துக்கு அடியில் ஒரு குடோன்.
தேக்கு இருந்தது, அயனி இருந்தது, பிலா இருந்தது.
ஒன்று விரற்கடை கூடும்.
ஒன்று சாண் குறையும்.
ஒன்று அச்சாகப் பொருந்தியது;
திறந்தால் உள்ளே சிதல் குடித்தனம்.

தக்கலை ஆக்கர் கடையில் பீர்க்கண்ணு
நூலை நீட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"இது டாக்டர் வீட்டு அளவாக்கும்.
நான்தான் எடுத்தேன்.
கோவளத்துல ஒரு ஓட்டல்காரன் கொண்டுபோனான்.
இப்ப அதுல குப்பி அடுக்கி வச்சிருக்கான்."
பிறகு,
என் முகத்தைப் பார்த்தோ
மணி மூன்றாகியும் போணி ஆகாததாலோ
பின்பக்கம் கூட்டிப்போனார்.

ஃபிரிட்ஜ் கதவுகளுக்கு இடையில்
ஆள் உயரத்தில் ஒரு பலகை.
நெஞ்சளவில் அரைவட்டமாய் ஒரு துளை.
"எந்தக் கோயில்ல உள்ளது?"
"கோயிலா? கொட்டகை.
டிக்கெட் கொடுத்த இடம். இடிச்சாச்சு."
மூலையில் சாக்கைச் சுற்றி
என் நூலாலேயே கட்டி
ஆட்டோவில் ஏற்றினார்.

கிளிப்பச்சை. அதன் கீழே சாம்பல். அதன் கீழே
வள்ளத்துக்கு அடிக்கிற நீலம்.
கப்பலில் பதினாறு வருடம் பெயின்ட் சுரண்டிய ததேயு
"லீவுல வந்தும் இதுதானா" என்று
முற்றத்துக்குப் போய்விட்டார்.
மறுநாள் காலை
தன் சுரண்டியோடு வந்து நின்றார்:
"நீ பிடிக்கிற பிடி தப்பு."

எண்பதாம் நம்பர் தாள், நூற்றிருபது, இருநூற்றிருபது.
மூன்றாம் நாள் எழுத்து தெரிந்தது.
முதலில் வெறும் 'கள்'.
"சோலி முடிஞ்சு, ஷாப்புப் பலகையாக்கும்" என்று
தரையில் உட்கார்ந்து சிரித்தார்.
அப்புறம் 'ண்' வந்தது. அப்புறம் ஒரு கொம்பு.

பெண்கள்
தரை 0-25

துளையின் விளிம்பு
தேய்ந்த சோப்புக்கட்டி போல வழுவழுத்தது.
அதில் குறுக்கும் நெடுக்கும் மயிரிழைக் கீறல்கள்.
"ஆணி பட்டதோ?" என்றார்.
பதில் சொல்லாமல்
கண்ணாடி வளையல் போட்ட என் கையை உள்ளே விட்டேன்.
கிறீச்.
சில்லறை சரியாக இருந்ததோ என்னவோ,
உள்ளே போன கைகள்
கொஞ்சம் அவசரப்பட்டிருக்கின்றன.
கீறல்களில் மட்டும் மெழுகு நிறையாமல்
தீக்குச்சியில் பஞ்சு சுற்றித் துடைத்தோம்.

அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவே
நிறுத்திய அன்று சாயங்காலம் முதல் காட்சி.
கூடத்தில் உட்கார்ந்தபடி கையை நீட்டினார்.
கை வந்தது. டம்ளரைப் பிடித்தது.
திரும்பிப் போகவில்லை.
காசுக்கும் காகிதத்துக்கும் அறுத்த துளை அது;
டம்ளரை விட்டால் கை போகும்,
சாயா வேண்டுமென்றால் ஆள் வர வேண்டும்.
"ஹவுஸ்ஃபுல்" என்றேன் உள்ளிருந்து.
வந்தார்.
வந்தவர் டம்ளரைக் கழுவிவைத்தும் போனார்.
லீவு முடிகிறவரை இப்படித்தான்.

சுவருக்கு இரண்டு கோட் அடித்தாயிற்று.
ஆனாலும் மழை பிடித்தால்
அந்த அலமாரியின் இடம் மெல்லப் புலப்படும்.
அதன் முன் நாற்காலியைப் போட்டு
கோவளத்துக் குப்பிகளுக்கு முதுகைக் காட்டி
சாயா குடிக்கிறேன்.
பலகை எதிரே நிற்கிறது.
துளை வழியே அடுப்பின் நீலத் தீ
கொஞ்சம் தெரிகிறது.