பதினான்காவது கேள்வி

கிஸ்தன் போன பிறகு
வண்டிக்கு ஒரு பாரம், பேங்குக்கு ஒரு பாரம்,
துப்பாக்கிக்கு ஒரு கத்தை.
தாலிக்கு மட்டும் யாரும் பாரம் நீட்டவில்லை.

டொங்காட் போலீஸ் ஸ்டேஷனில் சொன்னார்கள்:
பரீட்சையில் தேறினால் உங்கள் பெயருக்கு மாற்றலாம்,
இல்லையா, எங்களிடம் கொடுத்துவிடுங்கள்,
உருக்கிவிடுவோம்.
உருக்குவது பற்றி எனக்கா சொல்கிறீர்கள்
என்று நாக்கு நுனி வரை வந்தது.
முப்பது வருஷம் பழைய இரும்புக் கடை.
கண்ணை மூடிக்கொண்டு தட்டிப் பார்த்தே
இது பித்தளை, இது ஈயம், இது ஏமாற்று என்பேன்.

கரும்புக் காட்டுக்குப் பின்னால் சுடுகிற மைதானம்.
அன்றைக்கு ஒன்பது பேர்.
டீ நேரத்தில் வாக்குவாதம்.
பெட்ரோல் பங்க் நாயக்கர் சொன்னார்:
வாசலைத் தாண்டிவிட்டான் என்றால்
அப்புறம் என்ன நியாயம், என்ன அளவு?
அளந்துகொண்டிருந்தால் பொணம்தான் மிச்சம்.
நொமூசா, பள்ளிக்கூட டீச்சர், கோப்பையைப் பார்த்தபடி சொன்னாள்:
என் தம்பி இரவில் நடந்து போனான்,
அவ்வளவுதான் செய்தான். யாரோ பயந்தார்கள்.
அப்படியானால் நீ ஏன் வந்தாய் என்றார் நாயக்கர்.
நானும் தனியாகத்தானே இருக்கிறேன் என்றாள்.
பிஸ்கட் தட்டு வந்தது.
நான் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

பதினான்காவது கேள்வி:
உள்ளே வந்தவன் திரும்பி ஓடுகிறான்.
கையில் இருப்பது உங்கள் பொருள்.
சுடலாமா?

அன்று டார்ச் பிடித்தவள் நான்.
ஆயுத பூசை முடிந்து மூன்றாம் நாள்.
துப்பாக்கிக்கு நான் வைத்த குங்குமம்
இன்னும் முழுதாக அழியவில்லை.
சுவர் மேல் ஒரு கால்.
முதுகு.
முதுகில் காவடித் தொண்டர் பனியன்,
அதில் அச்சடித்த வேல்.
வெளிச்சத்தை நான் நகர்த்தவில்லை.

சாலாச்சி மகன் யெஷ்லின். மூன்று தெரு தள்ளி.
சுகர்ஸ் என்று ஒரு சனியன், பெயரில் மட்டும் இனிப்பு,
அதற்காகப் பகலில் எங்களிடம் கொண்டுவருவான்
குழாய், மீட்டர் பெட்டி,
ஒருமுறை யார் வீட்டுக் கதவுக் கைப்பிடியோ.
எங்கே கிடைத்தது என்று கேட்டதில்லை.
தராசில் வை என்போம்.

கையில் என்ன இருந்தது என்றார் இன்ஸ்பெக்டர்.
இரும்புக் கம்பி என்றேன்.
எந்தப் பக்கம் பார்த்து நின்றான்?
எங்களைப் பார்த்து.

செம்பு கேபிள் அது. பதினோரு கிலோ.
மறுநாள் நானே எடை போட்டேன்.
செம்பைப் பொன்னாக்கச் சித்தர்கள்
காடு காடாய் அலைந்தார்களாம்.
நான் நின்ற இடத்திலேயே
அதை இரும்பாக்கினேன்.

குண்டு பின்தொடையில் என்று எழுதிய டாக்டர் காகிதம்
மூன்றாவது வாய்தாவுக்குள் காணாமல் போயிற்று.
நாங்கள் தொலைக்கவில்லை.
தேடவும் இல்லை.
இப்போது கோயில் வாசலில்
காலை இழுத்து இழுத்துச் செருப்பு பார்த்துக்கொள்கிறான்.
என் ஜோடியை மட்டும் தள்ளித் தனியாக வைப்பான்.
மரியாதையா, வேறெதுவுமா, இதுவரை தெரியாது.

'கூடாது' என்ற கட்டத்தில் கோடு போட்டேன்.
கை நடுங்கவில்லை.
வாத்தியார் வான் வீக் தோளைத் தட்டினார்:
நூற்றுக்கு நூறு, அம்மா.

கடைசித் தாளை வீட்டுக்கு எடுத்து வந்தேன்.
ஆயுதம் உங்களுக்கு ஏன் தேவை? ஆறு வரி.
தனியாக இருக்கிறேன் என்று எழுதினேன். உண்மை.
நாய்க்குக் காது போய்விட்டது. உண்மை.
பயமாக இருக்கிறது.
யாரிடம் என்று அவர்கள் கேட்கவில்லை.
மிச்சம் மூன்று வரி.

முற்றத்தில் தகரம் ஒன்று சரிந்தது.
பேனாவை மூடினேன்.
பெட்டியின் சாவி தாலிச் சரட்டில்தான் தொங்குகிறது,
அதை விட்டுவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு
கதவருகே போய் நின்றேன்.
எரிய வைக்கவில்லை.