கோச்சி போன பிறகு

நான் நாட்காட்டியில் முழுநிலாவைத் தேடியது
பக்தியால் அல்ல.
போயாவுக்குக் கடை பூட்டு.
முதல்நாளே இரண்டு கால் போத்தல் வாங்கிவிடுவேன்.
ஒன்று தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால்.
மற்றதை ஒளித்த இடம் மறந்து
ஒரு வெசாக் இரவு முழுக்க வீட்டைக் கவிழ்த்தேன்.
தெருவெல்லாம் வெளிச்சக்கூடு,
தன்சலில் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சோறு கொடுத்தார்கள்.
நான் அரிசி வாளிக்குள் கைவிட்டபடி.

பிறகு செட்டியார் தெரு, அடகுக் கடை.
மனைவியின் காப்பு தராசில் கிடந்தது.
அவளுக்குத் தெரியும்.
காலையில் வெறுங்கையால் பாண் வெட்டினாள்,
ஒன்றும் கேட்கவில்லை.
எழுத்தர் அருளப்பு காசை எண்ணித் தந்தார்,
துண்டின் பின்புறம் என்னவோ எழுதினார்.
வட்டிக் கணக்கென்று நினைத்தேன்.
காசு முடிந்த அன்றுதான் பார்த்தேன்,
காற்சட்டைப் பையில் கசங்கி:
‘செவ்வாய் ஆறரை. பம்பலப்பிட்டி.
கடற்கரைப் பக்கம் பாலர் பாடசாலை. பின்கதவு.’

முதல் செவ்வாய் ஒழுங்கை முகப்பு வரை போய்
இறால் வடை தின்றுவிட்டுத் திரும்பினேன்.
இரண்டாம் செவ்வாய் மழை.
தூறல்தான்.
மூன்றாவதில் பின்கதவு திறந்திருந்தது,
வேறு சாட்டு வரவில்லை.

உள்ளே எல்லாம் சின்னக் கதிரை,
நாலு வயதுக்குச் செய்தவை, மஞ்சளும் பச்சையும்.
துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டும் லயனல்
முழங்கால் நாடியில் முட்ட இருந்தார்.
வங்கி மேலாளர் பெர்னதெத்
கைப்பைப் பூட்டைத் திறந்தார், மூடினார், திறந்தார்.
தாஹிர் வாசலையே பார்த்தபடி.
யாரும் கண்டால் அவருக்கு இரண்டு வெட்கம்.
மூலையில் பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்தவர் அருளப்பு.
என்னைத் தெரிந்ததாகக் காட்டவில்லை,
சீனி எத்தனை என்று கேட்டார்.

சுவரில் அ, அம்மா.
பக்கத்தில் சிங்கள அகரம், அதற்கும் அம்மா.
லயனல் சிங்களத்தில் சொல்லச் சொல்ல
பெர்னதெத் தமிழாக்கினார்.
நடுவில் ஓரிடத்தில் அது அவருடைய கதையாகிவிட்டது,
லயனல் நிறுத்திவிட்டார், இவர் நிறுத்தவில்லை.

என் முறை.
அந்தச் சொல் எனக்குப் பழக்கம்.
பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலால் எறிந்தது.
மைத்துனன் கல்யாணப் பந்தலில், ஒலிவாங்கி பக்கத்தில் இருக்க.
மகளின் பாடசாலைப் படிவத்தில்
‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில்
எழுதி, அழிரப்பரால் தேய்த்து,
வெளிச்சத்தில் சரித்தால் தெரிந்த பள்ளத்தில்.
எல்லார் வாயிலும் இருந்தது.
என் வாயில் வேறு சாமான் இருந்தது.

அப்போது தண்டவாளம் முனகியது.
பாணந்துறைப் பக்கம் போகும் கோச்சி.
ஜன்னல் கம்பி அதிரும்வரை பொறுத்திருந்தேன்.
நான் கெட்டிக்காரன்.
இரைச்சலின் சரி நடுவில்
பெயரையும் அந்தச் சொல்லையும் சொல்லி முடித்தேன்.
கடைசிப் பெட்டி போனது.
உட்காரக் குனிந்தேன்.

‘கோச்சி,’ என்றார் லயனல் தனக்குத் தெரிந்த தமிழில்,
காதைத் தொட்டுக் காட்டி.
‘கேக்க இல்ல. திரும்பச் சொல்லுங்கோ.’

கடல் இருந்தது.
ஆனால் அது ஒன்றையும் மறைக்குமளவு இரையவில்லை.
‘என் பெயர் விமலேந்திரன்.’
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது.
ஆறிய பிளேன்டீயில் ஒரு மிடறு.
‘நான் குடிகாரன்.’
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை,
முன்பே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
தாஹிர் தன் பச்சைக் கதிரையைச் சற்று நகர்த்தினார்.

இன்றைக்குப் பதினொரு நாள்.
இடையில் ஒரு வெள்ளிக்கிழமை விழுந்தேன்,
எண்ணிக்கை அதிலிருந்து.
காப்பு இன்னும் அடகில், வட்டி ஏறுகிறது.
அருளப்புவிடம் தவணை கேட்டிருக்கிறேன்,
அது வேறு விஷயம், முதலாளியைக் கேட்கவேண்டும் என்றார்.

நாளை போயா.
பேருந்தில் யாரோ சொல்லித்தான் அறிந்தேன்
என்று எழுத ஆசை.
இல்லை, போன கிழமையே எனக்குத் தெரியும்.
மணி ஆறு இருபது.
கம்பி போட்ட அந்தக் கடைக்கு
எதிர்ப்பக்க நடைபாதையால் வருகிறேன்,
வாகனங்களின் சத்தம் போதவில்லை.