பதினான்காவது கேள்வி

ஜனவரியில் என் மேசைக்கு எதிரே உட்காருகிறவர்கள்
தொப்பியை உடனே கழற்றுவதில்லை.
கழற்றினால் உதவி கேட்கத்தான் வந்தோம்
என்று முடிவாகிவிடும்.

ஆர்மண்ட் சிர் எல்லாக் காகிதங்களையும்
ரொட்டி வந்த பையிலேயே கொண்டுவந்திருந்தார்.
உருளைக்கிழங்கு ஆலையில் முப்பத்தொரு வருஷம்.
ஒரு கட்டைவிரலுக்கு நகம் கிடையாது.

கேள்விகள் என்னுடையவை அல்ல.
தலைநகரில் யாரோ எழுதியவை,
வெயில்காலத்தில் எழுதியிருப்பார்கள்.

என்ன எரிபொருள்?
எண்ணெய்.
தொட்டி எவ்வளவு கொள்ளும்?
இருநூற்று எழுபத்தைந்து கேலன்.
இப்போது எவ்வளவு இருக்கிறது?
இரண்டு விரல்களுக்கு நடுவே ஓர் இடைவெளி காட்டினார்.
யோசித்து, அதையும் கொஞ்சம் குறைத்தார்.

நூறு கேலனுக்குக் குறைந்தால் லாரி வராது.
அதனால் மஞ்சள் கேனில் ஐந்தைந்து கேலனாக
பங்கில் டீசல் வாங்கி,
காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் கஞ்சி புகட்டுவதுபோல்
உலைக்குப் புகட்டிக்கொண்டிருக்கிறார்.

அவசரம் என்று குறிக்கட்டுமா? என்றேன்.
அவசரமெல்லாம் இல்லை, என்றார்,
குளிர்தான்.

பதினான்காவது கேள்வி:
எத்தனை அறைகளைச் சூடாக்குகிறீர்கள்?
ஒன்று.
வீட்டில் எத்தனை?
ஆறு. ஐந்துக்கும் கம்பளி அடித்துவிட்டேன், ஆணியால்.
அந்தப் பக்கம் போவதில்லை. எலிகூடப் போவதில்லை.

அப்போது உங்கள் மனைவி?

ஜிஸ்லேன் காரிபூவில், தங்கை வீட்டில்.
அவர்களுக்கு விறகு அடுப்பு.
ஏப்ரலில் வந்துவிடுவாள்.
நுரையீரல், என்று சொல்லி
தன் மார்பைத் தொட்டுக் காட்டினார்.

என் பேனா நின்றது.
வீட்டில் ஒருவர் என்றால்
அவர் ஓய்வூதியம் வரம்பைத் தாண்டுகிறது,
மாதம் பத்தொன்பது டாலர்.
இருவர் என்றால் உதவி உண்டு.
கதகதப்புக்காக அவளை அனுப்பியதால்
கதகதப்பு கிடைக்காது.
குளிரிலேயே வைத்திருந்தால் கிடைத்திருக்கும்.

அவருடைய பல்துலக்கி எங்கே இருக்கிறது? என்று கேட்டேன்.
விதியில் அப்படி ஒன்றும் இல்லை, நானாகக் கேட்டேன்.
பல்செட் அங்கே, என்றார்.
பிறகு, நான் எதையோ தேடுகிறேன் என்று புரிந்து,
அக்கார்டியன் இங்கே. அதை அவள் யாரிடமும் விடமாட்டாள்.

இரண்டு, என்று எழுதினேன்.
ஓரத்தில் பொடி எழுத்தில்: ஒருவர் தற்காலிகமாக வெளியே.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்திருக்கவில்லை அவர்.
ரேடியேட்டர் பக்கம் நாற்காலியை ஒரு சாண் நகர்த்தி
காகிதங்களைத் திரும்பத் திரும்ப அடுக்கினார்.
அடுத்த பெயரைக் கூப்பிட வேண்டிய நான்
மேசை அறையில் இல்லாத ஸ்டேப்ளரைத் தேடினேன்.
வெளியே பதினோரு பேர்.
அவர்களால்தான் எனக்குச் சம்பளம்.
நீயும் குளிர்காய்கிறாய் என்று யாராவது சொன்னால்
இல்லை என்று சொல்ல என்னால் முடியாது.
என் சம்பளமும் வரம்புக்கு மேலேதான்,
கொஞ்சமே கொஞ்சம்.
ராத்திரி கோட்டோடு படுக்கிறேன்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி தொலைபேசி.
கடிதம் வந்துவிட்டதாம். நூற்று அறுபது கேலன்.
வாழ்த்துச் சொன்னேன், என்ன சொல்வதென்று தெரியாமல்.

அந்தப் பக்கம் பென்சில் உரசும் சத்தம்.
பெருக்குகிறார், கழிக்கிறார், மூச்சு விடுகிறார்.

இரண்டு அறை திறந்தால், என்றார்,
மார்ச் இருபதுவரை
அவளை வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், தயங்கி,
அரசாங்கமே எதிரில் நிற்பதுபோல்
குரலைத் தாழ்த்தி:

வரச் சொல்லட்டுமா?