பாலத்தின் வயது

பவீயா நகரம். தீச்சீனோ ஆறு.
ஆற்றின் மேல் கூரை போட்ட பாலம்.
ஏழு வருடமாய் மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்து
வருகிறவர்களுக்கெல்லாம் அதை விற்கிறேன்.

முதலில் சாத்தான் கதை.
ஒரே இரவில் அவன் கட்டிக் கொடுத்தானாம்,
கூலியாகக் கேட்டது முதலில் கடக்கும் உயிரை.
ஊரார் கூடிப் பேசி
ஓர் ஆட்டை முன்னால் ஓட்டிவிட்டார்கள்.
சிரிப்பு. கேமராக்கள் எழும்பும்.
அந்த ஆட்டுக்காக இதுவரை
ஒருவரும் உச்சுக்கொட்டியதில்லை.

அடுத்து, பாலத்தின் நடுவில் சின்னஞ்சிறு கோயில்,
நீரில் விழுந்தவர்களைக் காக்கும் புனிதர்.
அவரையே ஓர் ஆற்றில்தான் தூக்கி எறிந்தார்கள் என்பதை
கொஞ்சம் தாமதித்துச் சொன்னால்
இன்னொரு சிரிப்பு கிடைக்கும்.

அதற்கும் பிறகுதான் அந்த எண்.
"கட்டி முடித்தது,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்று."

கைகள் இறங்குவதைப் பார்க்க வேண்டும் நீங்கள்.
செங்கல் அதே சிவப்பு,
வளைவுக்குள் அதே வெயில்,
முகங்கள் மட்டும்
பட்டுப்புடவையில் பாலியெஸ்டர் கண்டுபிடித்தவர்களைப் போல.

பழையதைப் போரில் குண்டு பாதி தின்றது,
மிச்சத்தை நாமே வெடி வைத்துத் தகர்த்தோம்,
புதிதைக் கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் அகலமாக,
என்று நான் சொல்லிக்கொண்டே போவேன்,
அவர்கள் கழிப்பறை எங்கே என்பார்கள்.

பாலத்து முனையில் தர்பூசணி விற்கும் எஜீதியோ
குழு தவறாமல் கத்துவார்:
"இதைவிட நான் இரண்டு வயது மூத்தவன்!
என்னை ஏன் ஒருவரும் படம் எடுப்பதில்லை?"

இந்த ஜூலையில் மழை இல்லை.
ஆறு விலா எலும்பு தெரிய மெலிந்தது.
பழைய பாலத்தின் தூண்கட்டைகள்
பாசி உரித்துக்கொண்டு மேலே வந்தன.
அன்றைக்கு உள்ளூர்க்காரர்களே சுற்றுலாப் பயணிகள்:
பல் மருத்துவர் வெள்ளை அங்கியோடு வந்தார்,
வங்கியிலிருந்து மூன்று பேர்.
தாத்சியோ என்றொரு பையன்
பதினான்காம் நூற்றாண்டின் மேல் ஏறி நின்று
சிக்னல் இல்லை, சிக்னல் இல்லை என்று
போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தான்.

என் குழுவில் செனாடா என்றொருத்தி.
எண்ணைச் சொன்னேன். கைகள் இறங்கின.
அவள் மட்டும் கைப்பிடிச் சுவரை
ஓடிக் களைத்த குதிரையின் கழுத்தைப் போல
இரண்டு முறை தட்டினாள்.
"எங்கள் ஊரிலும் ஒன்று. நெரெத்வா ஆற்றில்.
புதுசு, கொஞ்சம் கூடுதல் வெள்ளை."
பிறகு கேட்டாள்:
"இங்கே நடுவில் எத்தனை வருடம்?"

பழையது உடைந்ததிலிருந்து, ஏழு.

"அந்த ஏழு வருடம்
அக்கரைக்காரர்கள் ரொட்டி வாங்க
எப்படி வந்தார்கள்?"

என் குறிப்பேட்டில்
வளைவுகளின் அகலம் இருக்கிறது,
திறப்பு விழாவின் தேதி இருக்கிறது.
எஜீதியோவிடம் அழைத்துப் போனேன்.
கத்தியைத் துடைத்தபடி யோசித்தார்.
"நான் கைக்குழந்தை. யாரோ தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள்."
பிறகு, நான் பார்த்தே இராத ஒன்று:
ஒரு பெரிய துண்டு வெட்டி அவளிடம் நீட்டினார்,
காசு வாங்கவில்லை.
அவள் விதைகளை ஒவ்வொன்றாய்
ஆற்றில் துப்பினாள், குறி பார்த்து,
பழைய கற்களுக்கு எட்டுகிறதா என்று.
ஒன்றும் எட்டவில்லை.

நான் வசிப்பது அக்கரையில்.
ரொட்டி வாங்குவது இக்கரையில்.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது.
ஆறு நிறம் மாறி, கற்களை மூடி,
ஒரு மரக்கிளையைச் சுமந்துகொண்டு போகிறது.
இப்போதெல்லாம் சாத்தானுக்கு முன்பே
குடையை மடக்கி, கீழே காட்டுகிறேன்:
"அதோ, அங்கே இருக்கிறது பாலம்."
வெறும் தண்ணீர்.
ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள்,
பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று,
படம் எடுக்கிறார்கள்.